பதினான்கு மாதங்கள்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா இரண்டு தடவை படித்தாள், நான் மூன்று தடவை. கொழும்பில் அறை கிடைத்துவிட்டது என்பதும் அது மழைக்கு ஒழுகவில்லை என்பதும் அவளுக்குப் போதும். எனக்கு அப்படி இல்லை. பத்திரிகையில் சேர்ந்து மூன்று மாதம் முடியுமுன் உன்னிடம் ஒரு முழுப்பக்கக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நீ எழுதப் போவது அருளப்பனைப் பற்றி. தோட்டத்துத் தபால்காரர் ஒருவர் நாடெங்கும் பாடப்பட்ட பாட்டுகளை எழுதியதும், இப்போது குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதும்தான் கதை. விவரம் கேட்டு ஐந்து கேள்விகளை எண் போட்டு எழுதியிருக்கிறாய். நான் சொல்லித் தந்த முறை. நாலு கேள்விகளுக்கு ஒரு தபாலட்டை போதும். ஐந்தாவது கேள்வி, அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்பது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாக உட்கார்ந்து படி.

தொடங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் முதல் கட்டுரை அருளப்பனைப் பற்றியது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இருபத்தாறு வருடம் ஊவா மாகாணத்தின் செய்தியை எழுதிய ஒருவன் உன் வீட்டிலேயே இருக்கிறானே, அவனைப் பற்றி எழுதத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். இந்த வயதில், இவ்வளவும் நடந்த பிறகு, அவர் மேல் எனக்கு இன்னும் பொறாமை இருக்கிறது. அது எப்படி வந்தது, என்ன செய்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீயும் இனி ஆட்களைப் பற்றி எழுதிப் பிழைக்கப் போகிறவன்.

உனக்குத் தெரிந்தவற்றையும் எழுதுகிறேன், கட்டுரைக்கு உதவும். அருளப்பன் பசறை வீதியில், பதுளையிலிருந்து ஐந்தாவது மைல் கட்டையில், நமுனுகுல மலை நேரே தெரியும் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்தின் தபால்காரர். காலையில் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா வாசலில் நின்று பையை வாங்கிக்கொண்டு பதுளைக்கு நடந்து வருவார். தபால் கந்தோரில் தோட்டத்துக் கடிதங்களை எடுத்துக்கொண்டு திரும்பி நடப்பார். நான் அப்போது, இப்போது போலவே, பகலில் ஒரு வழக்கறிஞரிடம், பிரக்கிராசியார் கந்தோரில், கிளாக்கர், மற்ற நேரம் நிருபர். செய்தியைத் தபாலில் சேர்க்க நானும் தினமும் அதே கந்தோருக்குப் போவேன். தோட்டத்தில் யாருக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். எனக்குச் செய்தி வேண்டும். சினேகிதம் அப்படித்தான் தொடங்கியது. அவர் என்னைப் 'பேப்பர் ஐயா' என்பார். நீ அவரை மாமா என்று கூப்பிடப் பழகினாய். தோட்டத்து ஆளை அப்படிக் கூப்பிடுவது சொந்தக்காரர் சிலருக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் சென்னைக்குப் போன கதையை எனக்குச் சொன்னது தபால் கந்தோர் வாசலில், ஒரு மழை நாளில். நாடு சுதந்திரமான வருடம், கல்யாணமாகாத இளந்தாரியாக, பாட்டெழுதிப் பிழைக்கலாம் என்று கப்பலேறியிருக்கிறார். "பாட்டெழுதப் போனவன் ஐயா நானு. பதினாலு மாசம் சோடாக் கடையில போத்தல் கழுவுனேன். பாட்டக் குடுக்கலாம்னு ஸ்டூடியோ வாசலுக்குப் போனா, அங்க காவக்காரன் என்னையவிட நல்லாப் பாடுறான்." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். ஒரு பாட்டும் விலைப்படாமல் திரும்பி வந்து தபால் பையைத் தோளில் மாட்டினார். அவரிடம் அந்தப் பயணத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. எத்தனை மாதம் அங்கே இருந்தார் என்பது அவருக்குத் தெரியும், அன்றிலிருந்து எனக்கும் தெரியும்.

பிறகு, இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய காலம் வந்தது. தோட்டத்துச் சனம் படிவத்தோடு கந்தோர் கந்தோராக அலைந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நம்முடைய விறாந்தையிலும் வரிசை நின்றது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த ஆட்கள், எங்களுக்குப் படிவம் தேவையில்லை. நான் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். இந்த நாட்டில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், வெளியே போயிருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அருளப்பனின் படிவத்தில் அந்த இடம் வந்ததும் பேனையை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பதினொரு மாதம் என்று எழுதினேன். அதைப் படித்துக் காட்டினேன், அவர் கீழே கையெழுத்து வைத்தார். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல பொய் அது ஒன்றுதான்.

இன்னொரு எண்ணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கடுங்காற்றில் அவருடைய தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரைகள் பறந்தன. நான் பசறை பஸ்ஸில் போய் இறங்கினேன். அருளப்பன் கூட வந்தார். நானும் அவருமாக ஒவ்வொரு அறையாக, காம்பரா காம்பராவாகப் போய் எண்ணினோம். பதினொரு குடும்பம் கூரையில்லாமல் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தது. பதினொன்று என்று எழுதினேன். செய்தி வந்த நாலாம் நாள் துரை பத்திரிகைக்கு எழுதினார், நாலு குடும்பம்தான் என்று. பத்திரிகை என்னைக் கேட்டது. துரை எங்கள் பிரக்கிராசியாருக்குக் கட்சிக்காரர். 'பதினொன்று என்பது அச்சுப்பிழை, நான்கு என்று திருத்தி வாசிக்கவும்' என்று நானே திருத்தம் எழுதி அனுப்பினேன். அந்தத் திருத்தம் வந்த பத்திரிகையைத் தோட்டத்துக்குக் கொண்டு போனது அருளப்பனின் பைதான். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இனிப் பாட்டு. பங்களா வாசலில் பைக்காக நிற்கும்போது துரையின் கிராமபோனில் அமெரிக்கப் பாட்டுகள் ஓடும். புதிதாக வந்த ஒரு வகை அவரைப் பிடித்துக்கொண்டது. வாத்தியம் கொஞ்சம், குரல்தான் எல்லாம். என்னிடம் அதை இப்படி விளக்கினார்: "ஒருத்தன் முன்னால நின்னு அழுவுறான் ஐயா. மூணு பேரு பின்னால நின்னு, ஆமா அழுவு, ஆமா அழுவுங்குறான். அம்புட்டுத்தான். ஆனா கேட்டா நமக்கும் அழுவாச்சி வருது." தோட்டத்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாடுகிறவர்களில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார். கிட்டார் வாங்க வழியில்லை. தப்பு மேளத்தின் அடியை ஒருவர் அடித்தொண்டையில் 'தும் தும்' என்று பிடித்தார். மற்ற இருவரும் இழுத்தார்கள். முன்னால் நின்று பாடியவர் அருளப்பன். பாட்டு, மெட்டு, யார் எங்கே மூச்சு விடுவது என்பது எல்லாம் அவருடையது. பையைச் சுமந்து ஐந்து கட்டை நடக்கும்போது கட்டிய பாட்டுகள். அதனால் எல்லாமே நடைக்குப் பொருந்தும்.

ஒத்திகை பார்க்க இடமில்லை. லயத்தில் பாடினால் பக்கத்துக் காம்பரா சண்டைக்கு வரும். நாலு பேரில் ஒருவருடைய மைத்துனருக்குத் தெமோதரையில் ரயில் பாதை வேலை. ஞாயிறு பூசை முடிந்து அங்கே போய், ரயில் வராத நேரம் பார்த்து, சுரங்கத்துக்குள் நின்று பாடுவார்கள். "பேப்பர் ஐயா ஒருக்கா வந்து கேளுங்க" என்று அருளப்பன் பல தடவை கூப்பிட்டார். ஒரு ஞாயிறு போனேன். சுரங்க வாயில் ஈரமாக இருந்தது. நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து வந்தது இந்தப் பாட்டு. நீ இதைப் பத்து வயதுப் பிள்ளைகளின் வாயில்கூடக் கேட்டிருப்பாய்:

பையைத் தொறந்தா பத்துக் காயிதம்
பத்துல ஒண்ணும் எனக்கில்ல
ஊரு காயிதம் தோளுல சொமந்தேன்
எம்பேரு போட்டது ஒண்ணுமில்ல

கடைசி வரியைப் பின்னால் நின்ற மூவரும் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நாலு குரல் கல்லில் பட்டு நாற்பதாக வந்தது. எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய அதே நேரத்தில், இதை நான் எழுதவில்லையே என்று நெஞ்சுக்குள் எரிந்தது. உனக்கு இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பாட்டு பிடிக்காமல் வந்த பொறாமை அல்ல. அந்தப் பாட்டு எவ்வளவு நல்லது என்று அன்று அங்கே என்னை விட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. வெளியே வந்து அருளப்பன், "எப்படிங்க ஐயா?" என்று கேட்டார். "சொற்கள் கொஞ்சம் கொச்சையாக இருக்கு" என்றேன். "நடந்துகிட்டே எழுதுனதுங்க. கால்ல சேறு ஒட்டத்தானே செய்யும்" என்றார்.

நான் பாட்டெழுதியது உனக்குத் தெரியாது. வெண்பாவும் விருத்தமும் எழுதினேன். பன்னிரண்டு பாட்டுகளை நல்ல தாளில் பிரதி செய்து வானொலிக்கு அனுப்பினேன். பன்னிரண்டும் திரும்பி வந்தன. நான் மடித்த மடிப்புக் கலையவில்லை. ஒரு நாள் உன் அம்மா அடுப்படியில் மா அரித்துக்கொண்டிருந்தாள். அருளப்பனின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அரித்தாள். சல்லடை அந்தத் தாளத்துக்குப் போனது. என்னுடைய பாட்டு ஒன்றை இப்படி முணுமுணுத்ததில்லையே என்று கேட்டேன், விளையாட்டாகக் கேட்பது போல. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உங்கட பாட்டுக் கேக்க நிமிந்து இருக்கோணும். அவற்ற பாட்டுக்கு மா அரிக்கலாம்." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அருளப்பன் நாலு பாட்டுகளை வானொலிக்கு அனுப்பினார். நல்ல பிரதிகூட இல்லை, கொப்பித் தாள். மாதா கோயில் விலாசத்துக்கு எழுதிக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு பேரும் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு கொழும்புக்கு ரயிலேறினார்கள். தபால்காரன் பாட்டு வானொலியில் வந்தது. அதற்குப் பிறகு அப்புத்தளை ஸ்டேசன் பாட்டு, வெலிமடை உருளைக்கிழங்கு லொறிப் பாட்டு. தேத்தண்ணிக் கடைகளில் கேட்டார்கள், பஸ்ஸில் பாடினார்கள். கொழும்பில் ஓர் இசைத்தட்டுக் கம்பனி இரண்டு பாட்டுகளைத் தட்டாகப் போட்டது, இன்னும் எட்டுப் போடுவதற்கு ஒப்பந்தம் பேசியது. ஒவ்வொரு தடவையும் பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், "பாடல் இயற்றியவர் பதுளை அருளப்பன்" என்பார். பதுளை அருளப்பன். நான் அந்த ஊரிலிருந்து எழுதியவை எத்தனை ஆயிரம் வரிகள் என்று கணக்கில்லை. வெள்ளம், மண்சரிவு, தேர்தல், வேலைநிறுத்தம். எல்லாவற்றுக்கும் மேலே 'பதுளை, நமது நிருபர்' என்றுதான் இருந்தது. என் பெயர் ஒரு தடவையும் அச்சில் வந்ததில்லை. அதுதான் தொழில் முறை என்று உனக்கும் சொல்லித் தந்திருக்கிறேன். அந்த முறையில் எனக்குப் பெருமை என்றும் சொல்லியிருக்கிறேன். முதலாவது மட்டும் உண்மை.

பிறகு பத்திரிகை என்னிடமே கேட்டது, உங்கள் ஊர்ப் பாட்டுக்காரரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று. ஒரே மூச்சில் எழுதினேன். நல்ல கட்டுரை, நீ எடுத்துப் பார். சுரங்கம் வருகிறது, பை வருகிறது, பாராட்டுக்குக் குறைவில்லை. நடுவில் ஒரு வரி: 'பாட்டெழுதும் ஆசையில் சென்னை சென்ற இவர், அங்கே பதினான்கு மாதங்கள் சோடாக் கடையொன்றில் போத்தல் கழுவி, ஒரு பாடலும் விலைப்படாமல் திரும்பினார்.' அந்த வரிக்குத் தேவை இருக்கவில்லை. சில காலம் சென்னையில் இருந்தார் என்று போட்டிருந்தால் போதும். ஆனால் அவரை ஒரு தடவையாவது யாரும் வேண்டாமென்று சொன்னார்கள், அதுவும் நீண்ட காலம் சொன்னார்கள் என்று நாட்டுக்குத் தெரிய வேண்டும் என எனக்கு இருந்தது. என் பன்னிரண்டு பாட்டும் திரும்பி வந்ததற்கு அவருடைய பதினான்கு மாதம் எனக்கு மருந்தாக இருந்தது. அதை எழுதிய நேரம் அவருடைய படிவம் என் நினைவில் இல்லை. இதை நீ நம்பலாம். இதற்குப் பின்னால் ஒளியவும் மாட்டேன், ஏனென்றால் அடுத்து நடந்ததில் எனக்கு எல்லாம் நினைவிருந்தது.

அருளப்பனுக்குக் கட்டுரை அவ்வளவு பிடித்துவிட்டது. "போத்தல் கழுவுனதக்கூட விடலியே ஐயா நீங்க" என்று சிரித்தார். கத்தரித்து, மெழுகுத் தாளில் சுற்றித் தபால் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார். லயத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

விண்ணப்பத்துக்கு விசாரணை வர வருடங்கள் ஆயின. தோட்டத்துக் கந்தோர் மூலம் அழைப்பு வந்ததும், தன்னைத் தெரியும் என்று சொல்ல நானும் வர வேண்டும் என்று அருளப்பன் கேட்டார். காலையில் போனோம். நேரம் இருந்ததால் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். வானொலி ஓடிக்கொண்டிருந்தது. கடை முதலாளி அவரைக் கண்டதும் எழுந்து வந்து தன் கையாலேயே மேசையைத் துடைத்தார். பிறகு என்னைக் காட்டி, "இவரு யாருங்க?" என்று கேட்டார். அந்தக் கடையில் நான் இருபது வருடம் தேத்தண்ணி குடித்தவன். அருளப்பன், "நம்ம பேப்பர் ஐயா. என்னையப் பத்தி எழுதுனவரு" என்றார். அவர் அதை எனக்கு மரியாதை சேர்ப்பதற்காகத்தான் சொன்னார். நான் விசாரணைக்குள் போனது அந்த வார்த்தையோடு.

அதிகாரி அமைதியான மனிதர். கேள்விகள் ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். பிறப்பு, தோட்டத்துப் பேர்ச்சீட்டு, கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் ஒழுங்காகப் போயின. முடியும் நேரத்தில் அருளப்பன் பையைத் திறந்து மெழுகுத் தாளை எடுத்தார். என்னிடம் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. "என்னையப் பத்திப் பேப்பர்ல வந்திருக்குங்க. நான் இந்த ஊரு ஆளுதான்னு அதுலயே போட்டிருக்கு" என்று மேசையில் வைத்தார். தன்னைப் பற்றி அச்சில் வந்தது தனக்கு எதிராகப் போகும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அதை எழுதியவன் பக்கத்தில் நிற்கிறான். மொழிபெயர்ப்பாளர் வரி வரியாகப் படித்துச் சொன்னார். பதினான்கு மாதம் என்ற இடத்தில் அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தினார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். படிவத்தை எழுதியது யார் என்று கேட்டார். அருளப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொன்னதத்தாங்க எழுதினது" என்றார். பிறகு அதிகாரி என்னைப் பார்த்து, இந்தக் கட்டுரை உங்களுடையதா என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: பத்திரிகைகளில் அச்சுப்பிழை வருவது சகஜம், இந்த எண் சரியா?

அந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். நான் செய்ய வேண்டியது தலையாட்டுவது மட்டும். துரைக்காக ஒரு தடவை செய்ததுதான். படிவம் நினைவிருந்தது, அதை எழுதிய கை என்னுடையது என்பதும் நினைவிருந்தது. தேத்தண்ணிக் கடையும் நினைவிருந்தது. "எண் சரி. என்னுடைய செய்தியில் பிழை வருவதில்லை" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அருளப்பன் அதிகாரியின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

நீ இளையவன். அப்பா உண்மையைத்தானே சொன்னீர்கள் என்று உனக்குத் தோன்றலாம். நானும் பல வருடம் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "உண்மையைச் சொன்னன்" என்றேன். அவள், "உங்களுக்கு அது எல்லா இடத்திலயும் வாறேல்லையே" என்றாள். அதற்குப் பிறகு அடுப்படியில் அந்தப் பாட்டு இல்லை. முதல் சில நாட்கள் அந்த அமைதி எனக்கு இதமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிவு வந்த காலை நான் தபால் கந்தோரில் இருந்தேன். தோட்டத்துக் கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் அருளப்பன் ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நீள உறையில் நிறுத்தினார். "பேப்பர் ஐயா, எம்பேருக்கு ஒண்ணு வந்திருக்கு" என்றார். இத்தனை வருடத்தில் அவர் பையில் அவர் பெயருக்கு வந்த முதல் கடிதம். வாசலுக்கு வந்து பிரித்து என்னிடம் நீட்டினார், ஆங்கிலம் என்பதால். நான் படித்துச் சொன்னேன். நிராகரிக்கப்பட்டது, மேன்முறையீட்டுக்கு இவ்வளவு காலம் என்று. அவர் அதை வாங்கி மடித்துக்கொண்டு, "அந்தப் பாட்டு இனிப் பொய்யாப் போச்சுங்களே" என்றார். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரி, கோபமில்லாமல் கேட்டார்: "அன்னைக்குப் பதினொண்ண நாலாக்குனீங்க ஐயா. எனக்குப் பதினாலப் பதினொண்ணாக்க முடியலீங்களா? ஏங்க?"

அவர் என் பதிலுக்குச் சிறிது நின்று பார்த்துவிட்டு நடந்தார். அந்த உறையை அவரே ஐந்து கட்டை சுமந்து வீட்டுக்குக் கொண்டு போனார்.

மற்றது உனக்குத் தெரியும். மேன்முறையீடும் தோற்றது. இசைத்தட்டுக் கம்பனி, இங்கே நிலையாக இருக்கப் போகிறவர்தானா என்று கேட்டு ஒப்பந்தத்தைத் தள்ளி வைத்தது. தள்ளி வைத்தது அப்படியே கிடந்து போயிற்று. பின்னால் நின்று பாடிய மூவரில் ஒருவர் ஏற்கெனவே திருச்சிப் பக்கம் போய்விட்டார். மூன்று குரலில் அந்தப் பாட்டுகள் நிற்காது. அருளப்பன் அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் எழுதியதாக நான் அறியவில்லை. ஆனால் தபால் கந்தோரில் தினமும் என்னைக் காணும்போது, "வாங்க பேப்பர் ஐயா" என்பதை அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை. அவர் நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. எண்களைச் சரியாக எழுது, அதை மாற்றாதே என்றுதான் உனக்குச் சின்ன வயதிலிருந்து சொன்னேன். இனி இதையும் சேர்த்துக்கொள்: ஓர் எண்ணை எழுத உனக்கு அதிகம் ஆசையாக இருந்தால், பேனையை வைத்துவிட்டு, யாருக்காக அதை எண்ணுகிறாய் என்று கேள். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், உன்னோடு சேர்ந்த அந்தப் பொடியனுக்கு முதல் பக்கத்தில் இடம் கொடுத்ததைப் பற்றி, 'அவனுக்கு அதிர்ஷ்டம், எழுத்தில் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியைத்தான் மூன்றாம் தடவையும் படித்தேன். சுரங்க வாசலில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். அவனுடைய எழுத்தை எடுத்து வைத்து ஒரு தடவை ஒழுங்காகப் படி. நன்றாக இருந்தால் அவனிடமே சொல். சொல்ல மனம் வராது, பரவாயில்லை, சொல்லிவிடு.

அருளப்பன் குடும்பம் வருகிற வியாழக்கிழமை காலை ரயிலில் பதுளையை விட்டுப் போகிறது. நானும் அம்மாவும் ஸ்டேசனுக்குப் போவோம், பெட்டிகளை ஏற்றிக் கொடுப்போம். அவர் கேட்டதற்குப் பதிலை அப்போது நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். யோசித்துப் பார்த்தேன். நேரில் சொன்னால் அவர் உடனே சிரித்து, ஏதாவது பகிடி விட்டு, என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். பயணம் போகிற மனிதர், பெண்சாதி பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, என் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கக் கூடாது. நான் எழுதித் தருவதை அவர் தனியாக வாசித்து, விரும்பினால் கோபப்பட வேண்டும்.

மாலையில் அவர்கள் பொல்காவலையில் இறங்கித் தலைமன்னார் ரயிலுக்குக் காத்திருப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நீ கொழும்பிலிருந்து அங்கே போ. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதுவது நம் தொழில் இல்லை. என் பக்கம் இந்தக் கடிதம். அவருடைய பக்கத்தை அவரிடம் கேள். இது அச்சில் வர வேண்டாம் என்று அவர் சொன்னால் கட்டுரையையே விட்டுவிடு, வேறு விஷயம் கிடைக்கும். வரட்டும் என்று சொன்னால் ஒன்றையும் மறைக்காதே. 'ஒரு நிருபர்' என்று போட்டு என்னைக் காப்பாற்றாதே. என் பெயரைப் போடு. இருபத்தாறு வருடம் அதை அச்சில் பார்க்க ஆசைப்பட்டவன் நான், பார்க்கிறேன்.

இதோடு இன்னோர் உறை வைத்திருக்கிறேன். மேலே அருளப்பனின் பெயர் எழுதியிருக்கிறேன், தகப்பன் பெயரோடு முழுதாக. உள்ளே ஒரு தாள்தான். தபால் கந்தோர் வாசலில் அவர் கேட்ட கேள்வியை மேலே எழுதி, கீழே பதிலை எழுதியிருக்கிறேன். பதில் ஒரே சொல், இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் உன்னிடம் ஒப்புக்கொண்டேனே, அதுதான். அதை எழுத எனக்கு நாலு வருடம் ஆனது. உறையை நான் ஒட்டவில்லை. நீ படித்துவிட்டு ஒட்டி, அவர் கையிலேயே கொடு, பிள்ளைகளிடம் கொடுக்காதே.

அந்தத் தாளின் அடியில் கையெழுத்துப் போடும்போது பழக்கத்தில் 'பதுளை நிருபர்' என்று தொடங்கிவிட்டேன். அதை வெட்டிவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். வெட்டியது தெரிகிறது. புதிதாக இன்னொரு தாள் எடுக்கவில்லை.

அப்பா